பழைய பேஸ்பால் படமா? முதலில் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்

நான் காசு கொடுத்து வாங்கிய முதல் பழைய பேஸ்பால் படத்தில் லூ கெரிக் இருந்தார். நியூயார்க் யாங்கீஸ் அணியில் முதல் பேஸை, அதாவது ஓடுபவர் தொட வேண்டிய முதல் முனையை, காத்தவர். நோய் வந்து 1939-இல் ஆட்டத்தை விட்டு, 1941-இல் 37 வயதிலேயே இறந்துபோனவர். கறுப்பு வெள்ளை, எட்டுக்குப் பத்து அங்குலம், மேல் மூலையில் குறுக்காக ஒரு மடிப்புக் கோடு. விற்றவர் 'அந்தக் காலத்து ஒரிஜினல்' என்றார். மடிப்பு இருந்ததே எனக்குப் பிடித்திருந்தது. பழசு என்றால் கொஞ்சம் மடங்கித்தானே இருக்கும்? நாலு நாள் கழித்து விளக்கடியில் வைத்து அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. தாள் வழவழவென்று இருந்தது. கோடு கண்ணுக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை.

மடிந்தது என் கையில் இருந்த தாள் இல்லை. எங்கோ இருந்த வேறொரு தாள் மடிந்திருக்கிறது. அதை யாரோ மறுபடி கேமராவில் பிடித்து, அந்த நெகட்டிவிலிருந்து இதைப் பிரிண்ட் போட்டிருக்கிறார்கள். நான் வாங்கியது படத்தின் படம்.

பழைய பேஸ்பால் படங்களைச் சேகரிக்கத் தொடங்குகிறவர் புரிந்துகொள்ள வேண்டிய கருத்து ஒன்றுதான், அது அந்த விரல் நுனியிலேயே இருக்கிறது. ஒரு காட்சி வேறு, அதைத் தாங்கி நிற்கும் தாள் வேறு. கெரிக்கின் முகத்தை யார் வேண்டுமானாலும் இணையத்திலிருந்து இறக்கி, சுவரளவு பெரிதாக்கி மாட்டிக்கொள்ளலாம். சேகரிப்பவர் தேடுவது அதை அல்ல. எந்த நெகட்டிவிலிருந்து, எந்த ஆண்டில், யார் கையால் இந்தத் தாள் வந்தது என்பதற்குத்தான் அவர் விலை கொடுக்கிறார்.

இதை ஒரு புகழ்பெற்ற படத்தை வைத்தே பார்க்கலாம். 1948 ஜூன் 13. நியூயார்க்கில் யாங்கீ ஸ்டேடியம் திறந்து 25 ஆண்டு ஆனதற்கான விழா. யாங்கீஸ் அணியின் பழம்பெரும் ஆட்டக்காரர் பேப் ரூத் அணிந்திருந்த 3-ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று அன்று முடிவு. ரூத்துக்குப் புற்றுநோய், சீருடை உடம்பில் தொங்குகிறது, வேறொரு ஆட்டக்காரரான பாப் ஃபெல்லரின் மட்டையை ஊன்றுகோலாகப் பிடித்து நிற்கிறார். படக்காரர்கள் எல்லாரும் அவருடைய முகத்துக்கு எதிரே கூடியிருந்தார்கள். நியூயார்க் ஹெரால்டு ட்ரிப்யூன் பத்திரிகையின் நாட் ஃபைன் மட்டும் பின்னால் போய் நின்றார். வழக்கமாக விளையாட்டுப் படம் எடுக்கிறவருக்கு உடம்பு சரியில்லாததால் அன்று அனுப்பப்பட்டவர் அவர். ஃபிளாஷ் போடாமல், இருந்த வெளிச்சத்திலேயே எடுத்தார். முகம் தெரியவில்லை. முதுகும், அதில் அந்த 3-உம், ஊன்றிய மட்டையும், எதிரே மங்கலாக ஜனக்கூட்டமும். இரண்டு மாதத்தில், ஆகஸ்ட் 16 அன்று ரூத் இறந்தார். அடுத்த ஆண்டு அந்தப் படத்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

இப்போது இந்த ஒரு காட்சிக்கு எத்தனை விதமான தாள்கள் இருக்க முடியும் என்று எண்ணிப் பாருங்கள். படம் எடுத்த அன்று நெகட்டிவைக் கழுவி, மறுநாள் பேப்பருக்காக அவசர அவசரமாகப் போட்ட பிரிண்ட் ஒன்று. பல ஆண்டுகளுக்குப் பிறகு, புகழ் வந்தபின், அதே நெகட்டிவிலிருந்து நிதானமாகப் போட்டு ஃபைன் கையெழுத்திட்டுக் கொடுத்தவை வேறு. 1948-இலேயே வேறு ஊர்ப் பத்திரிகைக்கு அனுப்புவதற்காக ஒரு பிரிண்டை மறுபடி படமெடுத்தோ, தொலைபேசிக் கம்பி வழியே அனுப்பியோ போட்டவை இன்னொரு வகை. அப்புறம், எண்பதுகளிலோ தொண்ணூறுகளிலோ ஏதோ ஒரு நகலின் நகலிலிருந்து அடித்த சுவர் அலங்காரம். சட்டம் போட்டு மாட்டினால் பத்தடி தூரத்திலிருந்து நாலும் ஒன்றுபோலத்தான் தெரியும். விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இந்த நாலையும் பிரிக்கத்தான் 'டைப்' என்ற கணக்கு வந்தது. ஹென்றி யீ, மார்ஷல் ஃபோகல் ஆகியோர் வகுத்த முறை இது. படங்களைச் சோதித்துச் சான்று தரும் பி.எஸ்.ஏ. நிறுவனம் இதைப் பயன்படுத்துகிறது. ஏலக்கூடங்கள் எல்லாம் இந்த மொழியில்தான் பேசுகின்றன. இரண்டே கேள்வி. மூல நெகட்டிவிலிருந்து வந்ததா? படம் எடுத்து ஏறத்தாழ 2 ஆண்டுக்குள் பிரிண்ட் போடப்பட்டதா? இரண்டுக்கும் ஆம் என்றால் டைப் 1. மூல நெகட்டிவ்தான், ஆனால் காலம் கடந்து போட்டது என்றால் டைப் 2. நகல் நெகட்டிவ் அல்லது கம்பி வழி வந்த படம், ஆனால் அந்தக் காலத்திலேயே போட்டது என்றால் டைப் 3. நகலும்தான், காலமும் கடந்தது என்றால் டைப் 4. என் கெரிக் 3 அல்லது 4 என்று இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இந்தக் கணக்கை நான் மதிக்கிறேன், ஆனால் வேதவாக்காக எடுத்துக்கொள்வதில்லை. 2 ஆண்டு என்ற கோட்டை ஏதோ ஓர் இடத்தில் கிழிக்க வேண்டுமே என்று கிழித்திருக்கிறார்கள். 23-ஆவது மாதத்தில் போட்ட பிரிண்டுக்கும் 25-ஆவது மாதத்தில் போட்டதற்கும் தாளில் ஒரு வித்தியாசமும் இருக்காது. டைப் என்பது அழகுக்கான மதிப்பெண்ணும் இல்லை. பத்திரிகை அலுவலகத்து இருட்டறையில் ஐந்து நிமிடத்தில் போட்ட டைப் 1 சாம்பல் பூத்துக் கிடக்கும். படக்காரரே பிற்காலத்தில் பொறுமையாகப் போட்ட டைப் 2 கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கும். ஆனாலும் சந்தை முன்னதற்குத்தான் அதிகம் கொடுக்கும். சம்பவம் நடந்த நாளுக்கு மிக அருகில் இருந்த தாள் அது என்பதற்கான விலை அது. அந்த ஆசை எனக்கும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கம்பி வழிப் படம் என்றேனே, அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் குறைந்த காசில் தொடங்குகிறவர் கையில் முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் அதுதான். 1935 ஜனவரி 1 அன்று அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் 'வயர்ஃபோட்டோ' என்ற சேவையைத் தொடங்கியது. அனுப்பும் ஊரில் ஒரு பிரிண்டை உருளையில் சுற்றுவார்கள். உருளை சுழல, ஒரு சிறு ஒளிப்புள்ளி படத்தை வரி வரியாகத் தடவிக்கொண்டே போகும். கறுப்பு, வெள்ளைக்கு ஏற்ப மின்சாரம் ஏறி இறங்கும். அது தொலைபேசிக் கம்பியில் ஓடும். மறுமுனையில் இன்னொரு உருளை அதே வேகத்தில் சுழன்று, வந்த மின்சாரத்தை மறுபடி வெளிச்சமாக்கி ஃபிலிமில் வரி வரியாகப் பதிக்கும். சில நிமிடத்தில் சிகாகோவில் நடந்தது சான் ஃபிரான்சிஸ்கோவில் படமாக நிற்கும். அதற்கு முன்பெல்லாம் படம் ரயிலிலோ விமானத்திலோதான் போக வேண்டும்.

இப்படி வந்த படத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் மெல்லிய வரிகள் தெரியும். விவரக்குறிப்பும் படத்தோடு சேர்ந்தே வந்திருக்கும், அதாவது தட்டச்சு எழுத்துகள் தாளின் மேல் ஒட்டியதாக இல்லாமல் படத்துக்குள்ளேயே இருக்கும். இது டைப் 3. சேகரிப்பாளர்களில் சிலர் இதைத் தொடவே மாட்டார்கள். எனக்கு அந்த வரிகள் பிடிக்கும். பேஸ்பாலின் ஆண்டிறுதிச் சாம்பியன் போட்டியான உலகத் தொடர் ஆட்டம் முடிந்த அன்று இரவே ஏதோ ஒரு சிற்றூர்ப் பத்திரிகைக்குள் வந்து விழுந்த தாள் அது. அதற்கும் ஒரு வரலாறு இருக்கத்தானே செய்கிறது?

சரி, இவ்வளவும் பத்திரிகைப் படத்தின் கதை. அதற்கு முன்பே பேஸ்பால் படங்கள் உண்டு, ஆனால் அவற்றில் யாரும் ஓட மாட்டார்கள், எல்லாரும் விறைத்து நிற்பார்கள். 1860-களில் உள்ளங்கை அளவு அட்டையில் ஒட்டிய படங்கள் புழங்கின. புரூக்ளின் அட்லாண்டிக்ஸ் என்ற அணியின் 1865-ஆம் ஆண்டுப் படம் அப்படிப்பட்டது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஒரு பிரதி இருக்கிறது. மெய்ன் மாநிலத்தில் ஒருவர், வீட்டு வாசலில் வைத்து விற்ற பழைய சாமான்களோடு சல்லிசாக ஓர் ஆல்பத்தை வாங்க, அதற்குள் இன்னொரு பிரதி இருந்தது. 2013-இல் அது 92,000 டாலருக்கு ஏலம் போனது. இந்தக் கதையைக் கேட்டுவிட்டு ஊரில் உள்ள பழைய ஆல்பத்தை எல்லாம் வாங்கிக் குவிக்கக் கிளம்ப வேண்டாம். பத்து ஆல்பம் வாங்கினால் பத்திலும் யாரோ ஒருவருடைய மாமனார்தான் இருப்பார்.

1887 முதல் 1890 வரை நியூயார்க்கின் கூட்வின் நிறுவனம் தன் ஓல்டு ஜட்ஜ் சிகரெட் பெட்டிக்குள் ஆட்டக்காரர் அட்டைகளை வைத்துக் கொடுத்தது. அவை அச்சடித்தவை அல்ல. முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் போட்ட நிஜப் புகைப்படங்கள், அட்டையில் ஒட்டியவை. ஆட்டக்காரர் பந்தைப் பிடிக்கப் பாய்வது போலத் தெரியும். உற்றுப் பார்த்தால் பந்து கூரையிலிருந்து நூலில் தொங்கிக்கொண்டிருக்கும்! ஸ்டூடியோ விரிப்பு, வரைந்த பின்புலத் திரை, நூலில் கட்டிய பந்து. பறக்கும் பந்தைப் பிடிக்கிற வேகம் அந்தக் காலத்து ஸ்டூடியோ வெளிச்சத்துக்கு இல்லை.

அதே காலத்தில், முன்னாள் ஆட்டக்காரரும் விளையாட்டுப் பொருள் வியாபாரியுமான ஆல்பர்ட் ஸ்பால்டிங் இரண்டு அணிகளைக் கூட்டிக்கொண்டு உலகம் சுற்றினார். 1889 தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வரும் வழியில் கொழும்பில் இறங்கி ஓர் ஆட்டம் ஆடினார்கள். அங்கிருந்து எகிப்து. பிப்ரவரி மாதம் ஸ்ஃபிங்ஸ் சிலையின் மேல் ஆட்டக்காரர்கள் சீருடையோடு ஏறி உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படம் இன்றும் சேகரிப்பாளர்களுக்குக் கனவு. கொழும்பு ஆட்டத்தின் நல்ல படம் ஒன்று கண்ணில் பட்டால் நான் சோற்றைக் குறைத்தாவது வாங்குவேன். இதுவரை பட்டதில்லை.

ஆட்டத்தை ஆட்டமாகவே படமெடுத்தவர் என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால் சார்லஸ் கான்லனைச் சொல்வேன். இவர் தொழில்முறைப் படக்காரரே இல்லை என்பதுதான் வேடிக்கை. நியூயார்க் டெலிகிராம் பத்திரிகையில் பிழை திருத்துபவர். கேமரா அவருக்குப் பொழுதுபோக்கு. அலுவலகத்தில் இருந்த விளையாட்டு எழுத்தாளர் ஜான் ஃபாஸ்டர், 'ஓய்வு நாளில் மைதானத்துக்குப் போய் ஆட்டக்காரர்களைப் படமெடுத்து வாருமே' என்று தூண்டிவிட்டார். 1904-இல் தொடங்கி 1942 வரை எடுத்துத் தள்ளினார். கனமான கிராஃப்ளெக்ஸ் கேமரா, அதற்குள் கண்ணாடித் தகடுகள். ஒரு தகட்டுக்கு ஒரு படம். எடுத்தபின் தகட்டை மாற்ற வேண்டும். அதற்குள் ஆட்டம் எங்கோ போய்விடும்.

அவர் எடுத்ததிலேயே பெயர்போனது டை காப் என்ற ஆட்டக்காரர் மூன்றாவது பேஸுக்குள் சறுக்கி வரும் படம். நியூயார்க்கின் ஹில்டாப் பார்க் மைதானம். 1909 என்றும் 1910 என்றும் இரு விதமாகக் குறிப்பிடுவார்கள். அந்தக் காலத்தில் படக்காரர்கள் மைதானத்துக்குள்ளேயே, பேஸுக்குப் பக்கத்தில் நிற்கலாம். கான்லன் மூன்றாவது பேஸ் காவலர் ஜிம்மி ஆஸ்டினின் நண்பர். அவருக்கு அருகில் நின்றிருந்தார். காப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்து வந்தார், ஆஸ்டின் இடறித் தடுமாறினார். நண்பனுக்கு அடிபட்டதா என்பதிலேயே கான்லனின் கவனம் போய்விட்டது. கேமராவை அழுத்தினோமா இல்லையா என்பதே நினைவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று தகட்டை மட்டும் மாற்றிவைத்தார். மறுநாள் கழுவிப் பார்த்தால் பல்லைக் கடித்துக்கொண்டு வரும் காப், சமநிலை குலைந்த ஆஸ்டின், பறக்கும் மண் எல்லாம் அதில் இருக்கிறது.

கான்லனின் நெகட்டிவ்களில் சுமார் 8,000 பிழைத்தன. நெடுங்காலம் தி ஸ்போர்ட்டிங் நியூஸ் இதழிடம் இருந்து, கை மாறி, 2016-இல் ஹெரிடேஜ் ஏலத்தில் 17 லட்சம் டாலருக்கு மேல் விற்றன. இங்கே நம் கணக்கு மறுபடி வருகிறது பாருங்கள். நெகட்டிவ் கையில் இருக்கிறது என்பதற்காக அதை வாங்கியவர் இன்று ஒரு டைப் 1 போட்டுவிட முடியாது. மிக நேர்த்தியாகப் போட்டாலும் அது டைப் 2-தான். கான்லன் தாமே போட்டு, பின்னால் தம் முத்திரையைக் குத்தி, ஆட்டக்காரர் பெயரைத் தம் கையால் எழுதிய பிரிண்டுகள் எத்தனை தப்பினவோ அத்தனைதான். இனி ஒன்றுகூட அதிகமாகாது.

மற்ற படக்காரர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜார்ஜ் கிரந்தம் பெயின் 1898-இல் தொடங்கிய செய்திப்பட நிறுவனத்தின் கண்ணாடித் தகடுகள் இன்று நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளன. அவற்றை யாரும் இலவசமாக இறக்கிப் பார்க்கலாம். தொடக்கக்காரருக்குக் கண்ணைப் பழக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. பால் தாம்சன் நியூயார்க்கில் எடுத்த முகப்படங்கள் அன்றைய சிகரெட் அட்டைகளில் ஓவியமாக மாறின. பாஸ்டனில் ஸ்டூடியோ வைத்திருந்த கார்ல் ஹார்னர் எடுத்த ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் படம்தான் டி-206 என்ற சிகரெட் அட்டை வரிசையில் வந்த அந்தப் பேர்பெற்ற அட்டைக்கு மூலம். அந்த அட்டை ஒன்று 2022-இல் 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அட்டைக்கு இவ்வளவு என்றால் அதற்கு மூலமான புகைப்படத்துக்கு மதிப்பு இருக்காதா என்று சந்தை தாமதமாகத்தான் யோசிக்கத் தொடங்கியது. இன்று 'இந்தப் படம்தான் இன்ன அட்டையில் வந்தது' என்று நிரூபிக்க முடிந்தால் விலை தாவி ஏறிவிடும்.

வெள்ளையரோடு ஆட இடம் தரப்படாத கறுப்பின ஆட்டக்காரர்களின் தனி லீக் படங்கள் குறைவு. வெள்ளையர் நடத்திய பத்திரிகைகள் அந்த ஆட்டங்களுக்குப் படக்காரரை அனுப்பியது அபூர்வம். பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பினப் பத்திரிகைக்காக உழைத்த சார்லஸ் 'டீனி' ஹாரிஸ் போன்றவர்கள் இல்லாவிட்டால் ஜாஷ் கிப்சன் போன்ற பெருவீரர்களின் முகங்கள் இவ்வளவுகூட நம்மிடம் மிஞ்சியிருக்காது. ஹாரிஸின் சுமார் 80,000 நெகட்டிவ்கள் பிட்ஸ்பர்க்கின் கார்னகி கலை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

இனி பின்பக்கத்துக்கு வருவோம். என்னைக் கேட்டால் இந்தப் பொழுதுபோக்கின் சுவையே அங்கேதான் இருக்கிறது. படத்தின் முன்பக்கம் ஆட்டக்காரரைச் சொல்லும், பின்பக்கம் தாளின் வாழ்க்கையைச் சொல்லும். செய்தி நிறுவனத்தின் ரப்பர் ஸ்டாம்ப், பத்திரிகை நூலகத்தின் தேதி முத்திரை, ஒட்டிய விவரச் சீட்டு, சில நேரம் அந்தப் படம் வெளியான பேப்பர் துண்டே கத்தரித்து ஒட்டப்பட்டிருக்கும். அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள் பழைய படங்களை வைக்கும் அறைக்குப் பிணவறை என்றே பேர் வைத்திருந்தார்கள். ஆட்டக்காரர் ஊர் மாறும்போதும், ஓய்வு பெறும்போதும், இறக்கும்போதும் அதே படத்தை வெளியே எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு தேதி விழும். ஒரே தாளில் ஆறேழு தேதி இருந்தால் அவற்றில் மிகப் பழையதைப் பாருங்கள். அதற்கு முன்பே தாள் பிறந்துவிட்டது என்று உறுதி. கடைசித் தேதியை மட்டும் பார்த்து 'இது பிற்காலத்துப் பிரிண்ட்' என்று தள்ளிவிடாதீர்கள். மற்றவர் அப்படித் தள்ளியதை நான் இரண்டு முறை மகிழ்ச்சியோடு வாங்கியிருக்கிறேன்.

ஸ்டாம்பில் உள்ள பெயரே காலத்தைக் காட்டிக்கொடுக்கும். ஆக்மி நியூஸ்பிக்சர்ஸ் என்று இருந்தால் பெரும்பாலும் பழைய ஸ்டாம்ப், அந்தச் செய்திப்பட நிறுவனம் 1952-இல் யுனைடெட் பிரஸ்ஸோடு சேர்ந்துவிட்டது. யுனைடெட் பிரஸ் இன்டர்நேஷனல் என்ற பெயர் 1958-இல்தான் பிறந்தது. 1927-இல் ஆடும் ரூத்தின் படத்துக்குப் பின்னால் அந்தப் பெயர் மட்டும் இருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். முகவரியில் நம் பின்கோடு போன்ற ஐந்து இலக்க ஜிப் கோடு இருந்தால் 1963 ஜூலைக்குப் பின் குத்திய ஸ்டாம்ப் அது. அமெரிக்காவில் அந்த எண்முறையே அப்போதுதான் வந்தது. என் கெரிக்கின் பின்னால் ஸ்டாம்ப் இருந்தது, ஜிப் கோடும் இருந்தது. வாங்கும்போது நான் பின்பக்கத்தைக் கேட்கவே இல்லை. ஒன்றைக் கவனியுங்கள், பழைய தாளிலும் பிற்காலத்தில் ஸ்டாம்ப் குத்தியிருக்கலாம். ஸ்டாம்ப் மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது, தாளையும் விசாரிக்க வேண்டும்.

தாளை விசாரிக்க மூன்று பொருள் போதும். முதலாவது நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் சிறிய பூதக்கண்ணாடி. அதன் வழியே ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் அது அச்சடித்த தாள், புகைப்படமே இல்லை. செய்தித்தாளில் வரும் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஒரே நிமிடத்தில் பிடிபடும். உண்மையான புகைப்படத்தில் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு நிறம் இடைவெளியில்லாமல் கரையும்.

இரண்டாவது, கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு. சுமார் 1950-களிலிருந்து தாள் பளிச்சென்று தெரிவதற்காக ஒரு ரசாயனம் சேர்க்கத் தொடங்கினார்கள். இருட்டில் ஊதா விளக்கைக் காட்டினால் அந்தத் தாள் நீலவெள்ளையாக ஒளிரும். 1930-களின் படம் என்று சொல்லி விற்கிற தாள் டியூப்லைட் போல ஒளிர்ந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். ஆனால் ஒளிராவிட்டால் பழசு என்று அர்த்தமில்லை. பிற்காலத் தாள்கள் எல்லாவற்றிலும் அந்த ரசாயனம் கிடையாது. இந்தச் சோதனை பொய்யைப் பிடிக்குமே தவிர உண்மைக்குச் சாட்சி சொல்லாது. விற்பவர்கள் இதை வசதியாக மறந்துவிடுவார்கள்.

மூன்றாவது பொருள் ஜன்னல் வெளிச்சம். படத்தைச் சாய்த்துப் பிடியுங்கள். பழைய பிரிண்டுகளில், கறுப்பு மிகுந்த இடங்களிலும் ஓரங்களிலும், நீலமும் வெள்ளியும் கலந்த ஒரு பளபளப்பு மேலெழுந்து தெரியும். படத்தில் உள்ள வெள்ளித் துகள்கள் பல பத்தாண்டுகளில் மெல்ல மேலே ஏறி வந்து படிவதால் வருவது. எல்லாப் பழைய படத்திலும் இது இருக்காது, ஆனால் இருந்தால் மனசுக்கு ஒரு தெம்பு. தாளைத் தடவியும் பாருங்கள். பழைய தாள் நாராலானது, ஓரத்தில் லேசாகச் சுருளும். 1960-களின் கடைசியிலிருந்து பரவிய பிளாஸ்டிக் பூச்சுத் தாள் இரு பக்கமும் வழுவழுப்பாக, தட்டையாக இருக்கும். நம் வீட்டு ஆல்பங்களில் உள்ள கலர் படங்களின் பின்பக்கத்தை நினைத்துக்கொண்டால் போதும்.

நகலைக் கண்டுபிடிக்க இன்னொரு வழி, நான் செலவு செய்து கற்றது. கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு குறையையும் விரலால் தொடுங்கள். கீறல், மடிப்பு, குண்டூசித் துளை, ஒட்டிய காகிதத்தின் நிழல். தாளில் இருக்கிறதா, படத்துக்குள் இருக்கிறதா? படத்துக்குள் என்றால் அது வேறொரு தாளின் காயம். நகல் படங்களில் நுணுக்கமும் போய்விடும்: சீருடையின் மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், தொப்பியின் நிழலில் கண் காணாமல் போகும்.

பத்திரிகைப் படங்களில் மேல்பக்கத்திலேயே சிவப்பு மெழுகுப் பென்சில் கோடுகள் இருக்கும், எந்த அளவுக்கு வெட்ட வேண்டும் என்று ஆசிரியர் போட்ட குறி. ஆட்டக்காரரின் தோளைச் சுற்றி வெள்ளைச் சாயம் பூசியிருக்கும், பின்னணியில் நின்றவரைச் சாம்பல் நிறத்தால் மறைத்திருப்பார்கள். புதியவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், சிலர் துடைக்கவும் துணிவார்கள். தயவுசெய்து துடைக்காதீர்கள். ஒரு தாள் நிஜமாகவே பத்திரிகை அலுவலகத்தில் உழைத்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

தாள் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் உண்டு. இணையம் வந்தபின் அமெரிக்கப் பத்திரிகைகள் பல தம் பிணவறைகளைக் காலி செய்தன. லட்சக்கணக்கான படங்கள் சந்தைக்கு வந்தன. இன்று 20, 30 டாலருக்கு நல்ல பத்திரிகைப் படம் கிடைப்பதற்கு அதுதான் காரணம். அதிலும் கசப்பு உண்டு. ஆர்க்கன்சாவைச் சேர்ந்த ஒரு வியாபாரி, படங்களைக் கணினியில் ஏற்றித் தருகிறேன் என்று பல பத்திரிகைகளின் ஆவணங்களை வாங்கிக் குவித்து, முதலீட்டாளர்களை ஏமாற்றிய வழக்கில் 2017-இல் 12 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். நியூயார்க் பொது நூலகத்துக்கு 1921-இல் போய்ச் சேர்ந்த ஸ்பால்டிங் சேகரிப்பிலிருந்து 1970-களில் பல அரிய பொருள்கள் திருடுபோயின. ஆகவே 19-ஆம் நூற்றாண்டுப் படம் ஒன்றின் பின்னால் நூலக முத்திரையைச் சுரண்டிய தடம் தெரிந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் கையை எடுத்துவிடுங்கள்.

உச்ச விலைக்கு ஓர் எடுத்துக்காட்டு: 1911 வசந்தகாலப் பயிற்சியின்போது எடுத்த 'ஷூலெஸ்' ஜோ ஜாக்சனின் படம், அவர் கையெழுத்தோடு. 2021-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் சுமார் 14.7 லட்சம் டாலர். ஜாக்சனுக்கு எழுதப் படிக்க ஏறக்குறையத் தெரியாது. தன் பெயரை வரைவது போல எழுதுவார், அதையும் அபூர்வமாகத்தான். கையெழுத்துப் படங்கள் தனிக் காடு. தொடக்கத்தில் அதற்குள் போகாதீர்கள். போலிக் கையெழுத்துக்காரர்கள் நம்மைவிடப் பழையவர்கள்.

தொடங்க எது நல்லது? ரூத், காப், கெரிக், மான்டில் போன்ற பெரிய ஆட்டக்காரர்களின் பக்கம் இப்போதைக்குத் தலைவைக்க வேண்டாம். போலியும் அங்கேதான் அதிகம், விலையும் அங்கேதான் அதிகம். பெயர் தெரியாத ஆட்டக்காரர் ஒருவர் இரண்டாவது பேஸில் அந்தரத்தில் பறக்கும் 1930-களின் பத்திரிகைப் படம், இடித்துவிட்ட பழைய மைதானம் ஒன்றின் கூட்டம், மழைக்கு விரித்த தார்ப்பாயின் கீழ் ஒண்டிய நடுவர்கள், இப்படி வாங்குங்கள். ஒரு ஊர், ஒரு மைதானம், ஒரு படக்காரர் என்று குறுக்கிக்கொண்டால் கண் சீக்கிரம் பழகும். வாங்குமுன் முன்பக்கம், பின்பக்கம், ஊதா விளக்கு வெளிச்சம் மூன்றுக்கும் படம் அனுப்பச் சொல்லுங்கள். தயங்குகிற விற்பனையாளரிடம் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். தாள் உங்களுடையது ஆவதால் படத்தின் பதிப்புரிமை உங்களுடையது ஆகாது என்பதையும் ஓரமாக நினைவில் வையுங்கள். அச்சிட்டு விற்கும் எண்ணம் இருந்தால் அது தனி விசாரணை.

வீட்டுக்கு வந்தபின் வேலை அதிகமில்லை. லாமினேஷன் கூடாது, செலோடேப் கூடாது, நாற்றமடிக்கும் மலிவு பிவிசி உறைகள் கூடவே கூடாது. பாலியெஸ்டர் உறை, அமிலமில்லாத அட்டை, வெயிலும் ஈரமும் படாத அலமாரி. பின்னால் ஒட்டிய விவரச் சீட்டு பாதி கழன்று தொங்கினால் பிய்க்காதீர்கள், ஒட்டவும் செய்யாதீர்கள், அப்படியே உறைக்குள் விடுங்கள். எதையாவது குறித்து வைக்க வேண்டுமானால் உறையின் மேல் எழுதுங்கள். தாளில்தான் எழுதியாக வேண்டும் என்றால் மெல்லிய பென்சிலில், பின்பக்க ஓரத்தில், அழுத்தாமல். பேனா மை முன்பக்கம்வரை ஊறி வரும்.

என் கெரிக் இன்னும் என்னிடம்தான் இருக்கிறார். பின்பக்க மூலையில் பென்சிலில் 'டைப் 4' என்று எழுதி, வாங்கிய தேதியையும் போட்டிருக்கிறேன். விலையை எழுதவில்லை. வீட்டில் யாராவது பார்த்துவிட்டால் வம்பு.